இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர்?

பிரியாணி ஆறிப்போயிருந்தது, தோழர்களே!

தலைவரின் பிறந்தநாள் அன்று. காலையில் கொடியேற்றம், பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடு, நண்பகலில் முதியோர் இல்லத்தில் உணவு. ஊர்தோறும் நடப்பதுதான். எங்கள் கிளையும் ஆண்டு தவறாமல் நடத்துகிறது. இரண்டு அண்டா பிரியாணி, கூடை நிறைய வாழைப்பழம், ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குப் புடவை. படம் பிடிக்க மூன்று கைப்பேசிகள். பரிமாறும் கரண்டி ஒன்று; அதைப் பிடித்த கைகளோ ஏழு! படத்தில் விழவேண்டுமல்லவா!

வரிசையின் கோடியில் ஒரு மூதாட்டி. எண்பதை நெருங்கும் வயது. இலையைத் தொடவேயில்லை. அருகில் சென்று, "ஏன் ஆத்தா, உடம்புக்கு ஆகலையா?" என்றேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல கண்ணு. காலையில ஒரு கம்பெனிக்காரங்க பொங்கல் குடுத்தாங்க. பத்து மணிக்கு ஒரு மகராசன் பேரனுக்குப் பொறந்தநாளுன்னு கேசரி குடுத்தான். இது மூணாவது. வவுறு ஒண்ணுதான கண்ணு?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். வெறும் கட்டில். சுருட்டி வைத்த பாய்.

"முந்தாநாள் ராத்திரி ஒண்ணுக்குப் போகோணும்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தா. ஆளு வரல. தானா எந்திரிச்சா, விழுந்துட்டா. இடுப்பு முறிஞ்சு போச்சு. விடியற வரைக்கும் கீழயே கெடந்தா. நானும் கத்துனேன், எவளுக்குக் கேக்குது? சோத்துக்குப் பஞ்சமில்ல கண்ணு. ராத்திரிக்கு ஒரு ஆளு சேத்திப் போடச் சொல்லு. அது போதும்."

எந்த ஊர், எந்த இல்லம் என்று கேட்காதீர்கள். ஊரைச் சொன்னால் அந்த ஒரு ஊரோடு கதை முடிந்தது என்று மற்ற ஊர்கள் மூச்சுவிடும். அந்த இல்லத்துப் பொறுப்பாளர் கொடியவர் அல்லர். வாடகைக்கும் அரிசிக்கும் அலைந்து அலைந்து இளைத்தவர். இல்லத்தில் 42 பேர். அவர்களில் எழுந்து நடமாட இயலாதவர் 30 பேர். இரவுக்கு ஆயாக்கள் இருவர். அன்று அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல், வரவில்லை. ஆகவே ஒருவர். அவர் மாடியில் இன்னொரு முதியவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். இவ்வளவுதான் நடந்தது! யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை, யாரும் திருடவில்லை. ஆனால் ஒரு தாய் இடுப்பு முறிந்து குளிர்ந்த தரையில் நான்கு மணி நேரம் கிடந்தாள்.

அந்த ஆத்தா ஒரு காலத்தில் பஞ்சாலைத் தொழிலாளி. இருபத்தாறு ஆண்டுகள் நூற்புப் பிரிவில் நின்றவர். திரும்பும்போது அவர் சொன்ன ஒரு சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. "மில்லுல ஒருத்திக்கு எத்தனை சைடுன்னு கணக்கு இருந்துச்சு. ஒரு சைடு கூடப் போட்டா சங்கத்துக்காரங்க வந்து நின்னுருவாங்க. இங்க ஒருத்திக்கு எத்தனை கிழடுன்னு யாரு கணக்குப் போடறா?"

ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நூற்பு இயந்திரத்துக்கு இரு பக்கம். ஒரு பக்கத்துக்குச் 'சைடு' என்று பெயர். ஒரு தொழிலாளி எத்தனை சைடு பார்ப்பது என்பதுதான் வேலைப்பளுச் சண்டை. அறுந்த நூலை இணைக்க எத்தனை நொடி, நடந்து திரும்ப எத்தனை நொடி என்றெல்லாம் கணக்கெடுத்து, பேசி, போராடித் தீர்ப்பார்கள். நூல் அறுந்தால் கணக்கு உண்டு. இடுப்பு முறிந்தால்?

நாமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியர் பயிற்சியில் காலங்காலமாகச் சொல்லித்தரும் பாடம். ஒரே பக்கம் கிடந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் நிற்கும். தோல் சிவக்கும், வெடிக்கும், குழியாகும். அதுதான் படுக்கைப்புண். ஒருவரைப் புரட்ட இருவர் வேண்டும். புரட்டி, துடைத்து, ஈரத்துணி மாற்றி, தண்ணீர் கொடுக்கப் பத்து நிமிடம் என்று வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் அந்த இரண்டு ஆயாக்களும், உட்காராமல், ஒரு வாய் தேநீர் குடிக்காமல் ஓடினாலும் 12 பேரைத்தான் புரட்ட முடியும். படுக்கையில் கிடப்பவர் 30 பேர்! மீதி 18 பேர்? அவர்கள் முதுகில் புண் வைப்பது ஆயாவின் சோம்பலா? அல்ல, அல்ல! கூட்டலும் வகுத்தலும் தெரியாதவர்கள் போட்ட ஆள் கணக்கு!

இன்னொரு கணக்கும் இருக்கிறது; அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று எங்கள் கிளை செலவிட்டது 18,000 ரூபாய். அந்த இரவு ஆயாவின் மாதச் சம்பளம் 9,000 ரூபாய். இரண்டு திங்களுக்கு ஒரு ஆள்! மூன்றாவது சோறாக, ஆறிப்போன பிரியாணியாக, இலையில் கிடந்தது அது!

முதியோர் இல்லத்தின் தரத்தை நாம் எப்படி அளக்கிறோம்? வாசலில் பளிங்குக்கல் பதித்திருக்கிறதா, தோட்டம் இருக்கிறதா, சுவரில் வண்ணம் புதிதா, வரவேற்பறையில் நாற்காலி மெத்தென்று இருக்கிறதா. பணம் படைத்தவர்க்கான இல்லங்களோ இப்போது விளம்பரமே தருகின்றன: நடைபாதை, நூலகம், தியான மண்டபம். மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், மண்டபத்தைப் பார்க்கிறான், மனம் நிறைகிறான், முன்பணம் கட்டுகிறான், வானூர்தி ஏறுகிறான். பகல் பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு இரவு இரண்டு மணி எப்படித் தெரியும்?

வேறு வழியில் அளக்க யாரும் முயன்றதில்லையா? முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவைப் பாருங்கள். முதலாளித்துவத்தின் தலைவாசல்தான், ஆனால் அங்கே நடந்ததிலிருந்து நாம் கற்கவேண்டியது மெத்தவுண்டு. அங்கே 'நர்சிங் ஹோம்' என்பது நடக்க இயலாத முதியோரையும் நோயாளரையும் இரவும் பகலும் வைத்துப் பராமரிக்கும் இல்லம். நம் ஊரில் அந்தப் பலகை தொங்கினால் அது பத்துக் கட்டில் போட்ட தனியார் மருத்துவமனை! சொல் ஒன்று, பொருள் இரண்டு. நான் பேசுவது அங்குள்ள பொருளில்.

அங்கே அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் இல்லங்கள் ஏறத்தாழ 15,000. அவற்றுக்கென்றே 1987-இல் ஒரு சீர்திருத்தச் சட்டம் போட்டார்கள். முதியவரைக் கட்டிலோடு கட்டிப்போடுவதும், தொந்தரவு தராமல் கிடக்கட்டும் என்று மயக்க மருந்து கொடுப்பதும் கூடாது என்றது சட்டம். சோதனைக்கு வருவோர் முன்னறிவிப்பு இல்லாமல் வரவேண்டும் என்றது. வரப்போகிறார்கள் என்று முன்கூட்டியே இல்லத்துக்குச் சேதி சொல்பவருக்கு 2,000 டாலர் வரை அபராதம் என்றும் எழுதி வைத்தது! நம் நாட்டில் அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே சுண்ணாம்பு அடிக்கிறோம். அபராதம் போடத் தொடங்கினால் எத்தனை பேர் கையில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்!

2008-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் இன்னொன்று செய்தார்கள். உணவு விடுதிக்குத் தருவதுபோல ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம். மகனோ மகளோ கணினியைத் தட்டினால் போதும், எந்த இல்லம் எத்தனை நட்சத்திரம் என்று தெரியும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லமாட்டேன். மூன்று தூண்கள் அதற்கு: சோதனையாளர் கண்டது ஒன்று; எத்தனை பணியாளர் என்பது இரண்டு; புண், வீழ்ச்சி, மருந்து போன்றவற்றின் கணக்கு மூன்று. ஆனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் யார் எழுதிக்கொடுத்தது தெரியுமா? இல்லத்துக்காரர்களே! மாணவனே தேர்வெழுதி, மாணவனே விடை திருத்தி, மாணவனே மதிப்பெண் போட்டால் தோற்பவன் எவன்?

பிறகு 2016 முதல், ஏட்டில் எழுதிய எண்ணிக்கை வேண்டாம், சம்பளப் பட்டியலைக் காட்டு என்றது அரசு. யாருக்குச் சம்பளம் கொடுத்தாயோ அவர்தானே வேலைக்கு வந்தவர்! அங்கேதான் சாயம் வெளுத்தது. 2018-இல் ஏறத்தாழ 1,400 இல்லங்களுக்கு, அதாவது பதினொன்றில் ஒன்றுக்கு, பணியாளர் பிரிவில் ஒரே நட்சத்திரம்தான் என்று இறக்கிவிட்டார்கள். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர்கூட இல்லாத நாள்கள் பல இருந்தன. அல்லது பட்டியலே தரவில்லை. இன்னும் பின்னால், 2022-இல், வாரக் கடைசி நாள்களில் எத்தனை பேர், ஆண்டுக்கு எத்தனை பணியாளர் வேலையைவிட்டு ஓடுகிறார்கள் என்பதையும் சேர்த்து நட்சத்திரம் போட்டார்கள். வாரக் கடைசி ஏன்? ஞாயிற்றுக்கிழமை மேலாளர் இருக்கமாட்டார். மேலாளர் இல்லாத நாளில் ஆளும் இல்லை என்பது சம்பளப் பட்டியலில் தெரிந்தது. ஆலைத் தோழன் சிரிப்பான். இரவு முறைக்கும் ஞாயிறு முறைக்கும் நேரும் கதி அவனுக்குத் தெரியாததா?

விழுந்து காயம்பட்டவர் கணக்கும் இப்படித்தான். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மருத்துவமனைப் பதிவையும் இல்லத்துப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கடுமையான காயத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களில், இல்லங்கள் தம் ஏட்டில் எழுதிக்கொண்டது ஐந்தில் மூன்று பேரைக்கூட அல்ல! மற்றவர்கள் விழவே இல்லையாம். எலும்புதான் தானாக முறிந்ததாம்!

மயக்க மருந்து கூடாது என்றார்களே, அது என்னவாயிற்று? கணக்கில் ஒரு விலக்கு வைத்திருந்தார்கள். கடும் மனநோய் உள்ளவருக்குக் கொடுத்தால் குற்றக்கணக்கில் சேராது என்று. உடனே என்ன நடந்தது? மறதி நோய் கண்ட பாட்டிகளுக்கெல்லாம் திடீரென்று மனநோய் வந்தது! உடம்பில் அல்ல, ஏட்டில்! 2023-இல் அரசே அந்த நோய்ப் பதிவுகளைத் தணிக்கை செய்யப் புறப்படவேண்டியதாயிற்று. கயிற்றால் கட்டினால் கண்ணுக்குத் தெரியும். மாத்திரையால் கட்டினால் தூங்குகிறார் என்று சொல்லிவிடலாம்.

சரி, எத்தனை ஆள் இருந்தால் போதும்? இதற்கும் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். அரசே ஏற்பாடு செய்த ஆய்வு 2001-இல் சொன்னது: ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்குச் செவிலியர், உதவியாளர் எல்லோரும் சேர்ந்து 4.1 மணி நேரம் உழைக்கவேண்டும். இருபத்து மூன்று ஆண்டுகள் உருண்டன. அதற்கிடையே கொரோனா வந்தது. 2022 தொடக்கத்துக்குள், நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களும் உழைத்தவர்களுமாக இரண்டு இலட்சம் பேருக்குமேல் மாண்டனர். அதற்குப் பிறகு, 2024-இல் ஒரு விதி போட்டார்கள். 4.1 அல்ல; 3.48 மணி நேரம். அதாவது மூன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. அதையாவது விட்டார்களா? 2025 ஏப்ரலில் டெக்சாசில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியின் மையப் பகுதியை வெட்டியெறிந்தது. அதே ஆண்டு சூலையில் நாடாளுமன்றம், 2034 வரை அதை நடைமுறைப்படுத்தக்கூடாது என்று ஒரு பெரிய வரிச் சட்டத்தின் மூலையில் எழுதி வைத்தது. ஆள் கிடைக்காது, செலவு தாங்காது என்றனர் இல்ல உரிமையாளர்கள். செலவு தாங்காதாம்! நிதி நிறுவனங்கள் இல்லங்களை வாங்கி இலாபம் பார்க்கும் நாட்டில் செலவு தாங்காதாம்! அப்படி வாங்கிய இல்லங்களில் குறுகிய காலச் சிகிச்சைக்குச் சேர்ந்தவர்களின் இறப்பு ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடியது என்று பொருளியல் ஆய்வாளர்கள் 2021-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: முன்னணியில் நின்று பணி செய்யும் ஆள்களும் அங்கே குறைந்திருந்தனர்.

எதற்காக இவ்வளவு தொலைவு உங்களை அழைத்துச் சென்றேன்? நட்சத்திரம் வாங்கிவர அல்ல. அவ்வளவு பெரிய நாடு, அவ்வளவு பெரிய கணினி, அவ்வளவு சட்டம், எல்லாவற்றையும் வைத்து நாற்பது ஆண்டுகளாகத் தேடித்தேடி, ஏமாந்து ஏமாந்து, கடைசியில் எந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தது பார்த்தீர்களா? 'ஆள் எத்தனை பேர்? சம்பளப் பட்டியலைக் காட்டு!' நம் ஊர்ப் பஞ்சாலை ஆத்தா கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்ட அதே கேள்வி!

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியர் தீர்ப்பாயத்துக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். நல்லது. அதன் 19-ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும் இல்லத்தை மாநில அரசு நிறுவலாம் என்கிறது. நிறுவ'லாம்'! 'வேண்டும்' அல்ல. அந்த 'லாம்' இருக்கிறதே, அதற்குள் ஒரு ஆட்சியே ஒளிந்துகொள்ளலாம்! எந்த ஆட்சியும்! இது நம்மவர், அவர்கள் மாற்றார் என்று பார்த்துச் சொல்லவில்லை. இல்லங்களின் தரம் எப்படி இருக்கவேண்டும் என்று திட்டம் வகுக்கும் அதிகாரமும் அதே பிரிவில் இருக்கிறது. தனியார் இல்லங்கள் எல்லாம் பதிவு செய்யவேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 2019 திசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. அறிக்கை வந்தது. 2024-இல் அவை கலைந்தது, மசோதாவும் காலாவதியானது. முதியோருக்கான மசோதா முதுமை எய்தி மாண்டது!

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா என்பீர்கள். ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகசுட்டு 6, விடியற்காலை. ஓலைக் கொட்டகையில் தீ. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓடவும் வழியின்றி வெந்து மடிந்தனர். உரிமம் வேண்டும் என்ற மனநலச் சட்டம் 1987-லேயே இயற்றப்பட்டிருந்தது. ஆம், அமெரிக்காவில் அந்தச் சட்டம் வந்த அதே ஆண்டு! ஏட்டில் உரிமம், கொட்டகையில் சங்கிலி. பிணங்களை எண்ணிய பிறகுதான் அதிகாரிகள் கொட்டகைகளை எண்ணினார்கள்.

'பெற்றோரை இல்லத்தில் விடுவது நம் பண்பாடா? அது மேனாட்டு நாகரிகம்' என்று மேடையில் முழங்குவோர் உண்டு. நம் மேடையிலும் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறேன்: வீட்டில் உங்கள் தாயாரைப் புரட்டிப் படுக்கவைப்பது யார்? நீங்களா? உங்கள் மனைவியல்லவா! காலையில் நான்கு மணிக்கு எழுந்து, துணி அலசி, கஞ்சி ஊட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பின்னலாடைக் கம்பெனிக்கு எட்டரை மணிக்கு ஓடி, இரவு திரும்பி வந்து மறுபடியும் துணி அலசும் அந்தப் பெண்ணின் முதுகின் மீது ஏறி நின்றுகொண்டல்லவா பண்பாடு பேசுகிறோம்! அவளுக்கும் கூலி இல்லை. அவளுக்கும் இரண்டாம் ஆள் இல்லை. 2021-க்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்த இடம். குடும்பக் கட்டுப்பாட்டில் வென்றோம், சாவை ஒத்திப்போட்டோம், பெருமைக்குரியதுதான். அதன் மறுபக்கம், ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை பெற்றவர்களுக்கு வயதாகிறது. அந்த ஒரு பிள்ளை ஓசூரிலோ துபாயிலோ இருக்கிறான். முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாய் ஆனது. அதை வைத்து எந்த இல்லம் சேர்க்கும்? ஆகவே இல்லங்கள் வரத்தான் போகின்றன. நமக்கும் உனக்கும் எனக்கும்தான் வரப்போகின்றன. இன்று ஐம்பது வயதில் சுமை தூக்கும் தோழனே, முப்பது ஆண்டு கழித்து அந்தக் கட்டிலில் கிடக்கப்போவது யார் என்று எண்ணிப்பார்!

தாயையோ தந்தையையோ ஓர் இல்லத்தில் சேர்க்கவேண்டிய நிலை வந்தால் எதைப் பார்ப்பது? என் பட்டறிவைச் சொல்கிறேன். பகலில் போகாதீர்கள், போனாலும் மறுபடி மாலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள். வாசலில் நின்று மூச்சை இழுங்கள். எங்கோ ஓரிடத்தில் சிறுநீர் நாற்றம் என்றால் இப்போதுதான் ஒருவருக்கு நேர்ந்திருக்கிறது, அது குற்றமல்ல. கூடம் முழுதும் நாற்றம் என்றால் நெடுநேரமாக எவருக்கும் துணி மாற்றவில்லை. தண்ணீர்ச் சொம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கை எட்டும் இடத்திலா, சன்னலோரத்திலா? கை எட்டாத தண்ணீர் தண்ணீரல்ல. நகம் வெட்டியிருக்கிறதா, பல்செட்டு வாயில் இருக்கிறதா, பெட்டியில் இருக்கிறதா? கண்ணாடி? குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பார்க்க அனுமதி கேளுங்கள். புண் அங்கேதான் தொடங்கும். பட்டப்பகலில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தால் மருந்துச் சீட்டைக் கேளுங்கள். ஊட்டிவிடும் நேரத்தில் போய் நின்று பாருங்கள்: ஆயா ஒருவருக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு அவர் விழுங்கும்வரை காத்திருக்கிறாரா, அல்லது ஐந்து பேருக்கு ஒரே கரண்டியோடு ஓடுகிறாரா?

அதைவிட முதன்மையானது, ஆயாவிடம் பேசுங்கள். பொறுப்பாளரிடம் அல்ல, ஆயாவிடம். எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறீர்கள் அம்மா, உங்களுக்கு முன்னே இருந்தவர் ஏன் போனார், மாதம் என்ன தருகிறார்கள், வார விடுமுறை உண்டா, இரவில் எத்தனை பேர்? ஆறு திங்களுக்கு ஒருமுறை ஆயா மாறும் இல்லத்தில், உங்கள் தாய்க்கு எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும் என்று அறிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்கள். 9,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கும் பெண்ணை, துணிக்கடை 12,000 தருகிறேன் என்று கூப்பிட்டால் அவர் போகாமல் என்ன செய்வார்? போகத்தான் வேண்டும்!

நம் தொழிற்சங்கத் தோழர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பேருந்துக்கு எத்தனை ஓட்டுநர், தறிக்கு எத்தனை ஆள் என்று வாதாடத் தெரிந்த நாம், கட்டிலுக்கு எத்தனை ஆயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பெண்கள் நமக்குத் தொழிலாளராகவே தோன்றவில்லை! 'சேவை செய்கிறார்கள்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோமே, அதைச் சொல்லிச் சொல்லியே அவர்கள் கூலியைத் தின்றுவிட்டோம். முதியோருக்குப் போடும் சோற்றை 'தர்மம்' என்கிறோம். பார்த்துக்கொள்ளும் பெண்ணின் உழைப்பைச் 'சேவை' என்கிறோம். தர்மம் என்றால் கணக்குக் கேட்கக்கூடாது. சேவை என்றால் கூலி கேட்கக்கூடாது. உரிமை என்று ஒரு சொல் தமிழில் இல்லையா? அதற்காகத்தானே நாம் மேடை ஏறினோம்!

பொறுப்பாளர் அம்மையாரிடம் இதையெல்லாம் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, சாப்பாடு குடுக்க வருசத்துக்கு இருநூறு பேரு வர்றாங்க. ஆயா சம்பளத்துக்கு ஒருத்தர் வந்ததில்லை. ஆயா சம்பளத்துல யாரு பேரைப் போட்டுப் பலகை வைக்கிறது?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

கிளைக் கூட்டத்தில் பேச்சு எடுத்தபோது சலசலப்பு எழுந்தது. பிறந்தநாளுக்குச் சோறு போடாமல் சம்பளம் போட்டால் அது விழாவா என்றார் ஒருவர். படம் எப்படி எடுப்பது என்றார் இன்னொருவர். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே கேட்டார். இரண்டு மணி நேரம் வாதம். முடிவில், அடுத்த ஆண்டு பிரியாணிக்கான பணத்தை இரவு ஆயா ஒருவரின் இரண்டு மாதச் சம்பளமாகக் கட்டுவது, மீதிப் பத்து மாதத்துக்குச் சுமைதூக்குவோர் சங்கமும் தானி ஓட்டுநர் சங்கமும் ஊரில் உள்ள கடைக்காரர்களும் பங்கு போடுவது, நால்வர் குழு மாதம் இருமுறை சொல்லாமல் போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறோம்: பதிவான இல்லங்கள் எவை, கடைசியாக எந்த நாளில் யார் போய்ப் பார்த்தார்கள், இரவில் எத்தனை பணியாளர் என்று கண்டார்கள். தகவல் உரிமைச் சட்டப்படி விடை தரவேண்டும். முதியோர் உதவி எண் 14567 என்பதைச் சுவரொட்டியில் தலைவர் படத்தைவிடச் சற்றுப் பெரிதாக அச்சிடவேண்டும் என்றேன். அது மட்டும் தோற்றது. தலைவர் படத்துக்குச் சமமாக என்று முடிந்தது.

இதை எந்த ஊர்க் கிளையும் செய்யலாம். ஆனால் நாம் நாற்பது கிளைகள் கூடி நாற்பது ஆயாக்களுக்குச் சம்பளம் கட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று படுத்துவிட முடியாது. ஒரு கட்டிலுக்கு இத்தனை ஆள், இரவுக்கு இத்தனை, ஆயாவுக்கு இன்ன கூலி என்று மாநில அரசு விதி எழுதவேண்டும். சம்பளப் பட்டியலைப் பார்த்து, சொல்லாமல் வந்து, கண்டதை வாசலில் ஒட்டவேண்டும். அதைக் கேட்டு அடுத்த மாவட்ட மாநாட்டில் எங்கள் கிளை தீர்மானம் கொண்டுவருகிறது. மேடைக்கு வர விடுவார்களோ என்னவோ. வழிமொழிய ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற வாரம் ஞாயிறு இரவு பத்து மணிக்கு இல்லத்துக்குப் போனோம். இரண்டு ஆயாக்களும் இருந்தார்கள். விழுந்த அம்மாள் மருத்துவமனையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. கட்டில் அப்படியே கிடந்தது. பஞ்சாலை ஆத்தா விழித்திருந்தார். "இந்நேரத்துல எதுக்கு கண்ணு வந்தே? சோறா?" என்றார். "இல்ல ஆத்தா, சும்மா பாத்துட்டுப் போகத்தான்" என்றேன். நம்பவில்லை, என் கையைப் பார்த்தார், பை ஏதும் இல்லை. அப்புறம்தான் மெல்லக் கேட்டார்: பல் போனதிலிருந்து வெற்றிலை மெல்ல முடியவில்லையாம், இடித்துப் போட ஒரு சின்ன உரல் கிடைக்குமா என்று. சந்தையில் 150 ரூபாய் சொன்னான். 120-க்கு வாங்கி வைத்திருக்கிறேன்.